கண்ணை மூடினால் என்ன தெரிகிறது?

"எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றார் நிதி மேடம்.

மூடிக்கொண்டோம். டெல்லி ஜனக்புரியில் ஒரு கல்லூரி வகுப்பறை. குளிர்கால ஞாயிற்றுக்கிழமை. ஜன்னல் வழியாக வந்த வெயில் என் இடது கன்னத்தில் மட்டும் இளஞ்சூடாக விழுந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ எள்ளுமிட்டாயைக் கடித்தார்கள். தெருவில் பழைய பேப்பர்க்காரரின் குரல் நீளமாக வந்து, ஒரு மூலையில் திரும்பித் தேய்ந்தது.

"இன்று காலை சாப்பிட உட்கார்ந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டு எங்கே இருக்கிறது? என்ன நிறம்? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?"

தொலைதூரக் கல்வியில் உளவியல், முதலாம் ஆண்டு. மாதத்தில் ஓரிரு ஞாயிறு இப்படி நேர்வகுப்பு. வங்கியில் இன்னும் சில வருஷ வேலை பாக்கியிருக்கும் எனக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று பலர் கேட்டார்கள். மனசு என்றால் என்ன என்று அறியத்தான் சேர்ந்தேன் என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். மகன் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகிவிட்டன என்பதுதான் நிஜம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரோரா ஜி முதலில் பேசினார். கரோல்பாகில் துணிக்கடை வைத்திருந்து, அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் படிக்க வந்தவர். வகுப்பு முழுக்க இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் நடக்கும். இங்கே தமிழில் சொல்கிறேன்.

"ஸ்டீல் டம்ளர். ஓரத்தில் நெளிந்திருக்கிறது. பராத்தா மேல் வெண்ணெய் உருகி ஒரு பக்கமாக வழிகிறது. மேசை விரிப்பில் ஊறுகாய்க் கறை. அட, இதை யாரும் துடைக்கவில்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். மனிதர் எப்படி நடிக்கிறார் என்று நானும் ரசித்தேன். அடுத்தது என் முறை.

"ரெண்டு இட்லி, மிளகாய்ப்பொடி. வெள்ளைத் தட்டு."

"தட்டின் வெள்ளை பளிச்சென்று தெரிகிறதா, மங்கலாகத் தெரிகிறதா?"

"எங்கே தெரிகிறதா?"

"உங்களுக்குள்ளே."

"கண்ணை மூடியிருக்கிறேனே மேடம். இருட்டாகத்தான் இருக்கிறது."

வகுப்பு மறுபடி சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பு நின்றது. கண்ணைத் திறந்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெஹன்ஜி, நிஜமாகவா? ஒன்றுமே வரவில்லையா?" என்றார் அரோரா ஜி.

"உங்களுக்கு நிஜமாகவே வருகிறதா?"

"வருகிறதே! இதோ, இங்கே." நெற்றிக்குச் சற்று முன்னால், காற்றில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பிறந்து வளர்ந்த வீட்டில் எல்லாரும் புழங்கிய ஓர் அறை இருந்தது, எனக்கு மட்டும் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பதுபோல இருந்தது.

பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்தேன்

வாராவாரம் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி கேட்டிருந்தார்: "நீங்கள் எழுதுகிற மனிதர்களின் மூக்கு முழி எப்படி இருந்தது என்று ஒரு வாரம்கூடச் சொல்வதில்லையே, ஏன்?" காரணம் இதுதான் அம்மா. எழுத உட்காரும்போது அவர்கள் முகம் எனக்கு வருவதில்லை.

'அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது' என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! எல்லாம் பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்தேன். வயிறு எரிகிறது என்கிறோம், உள்ளே யார் அடுப்பு மூட்டினார்கள்? அதைப்போல இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். நானே சிலமுறை சொல்லியுமிருக்கிறேன்.

ஞாயிறு பள்ளியில் கண்ணை மூடி ஆண்டவரை நினைக்கச் சொல்வார்கள். மூடுவேன். இருட்டு. எல்லாருக்கும் இருட்டுத்தான், அந்த இருட்டோடு பேசத் துணிவதற்குப் பெயர்தான் ஜெபம் என்று சின்ன வயதில் நானாக முடிவுசெய்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத் தாடியும் அங்கியும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

தமிழும் என்னை ஏமாற்றிவிட்டது. அறிந்திருப்பதற்கும் 'தெரியும்', கண்ணில் படுவதற்கும் 'தெரியும்'. என் அம்மா முகம் எனக்குத் தெரியும். இடது கன்னத்தில் மச்சம், முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி, சிரித்தால் ஒரு கண் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும். கேட்டால் மடமடவென்று சொல்வேன். ஆனால் கண்ணை மூடினால் அந்த முகம் தெரியாது.

உள்ளே பார்த்தவர்கள், வெளியே பார்த்தவர்கள்

அன்று மேடம் நடத்த வந்த பாடமே இதுதான்.

உளவியல் தனித் துறையாகத் தலையெடுத்த காலத்தில், மனதைப் படிக்க ஒரே வழி உள்ளே பார்ப்பது என்று நம்பினார்கள். அகநோக்கு என்று பெயர். ஆட்களை உட்காரவைத்து, ஓர் ஒலியைக் கேட்கும்போது, ஒரு நிறத்தைப் பார்க்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லப் பழக்கினார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒருவர் தனக்குத் தெரிந்தவர்களிடம் காலை உணவு மேசையை நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கேள்விகள் அனுப்பினார். மேடம் எங்களிடம் கேட்டது அந்தக் கேள்விதான். பெரிய படிப்புப் படித்த சிலர், 'மனதுக்குள் படமா, அதெல்லாம் கவிஞர்கள் சொல்வது' என்று பதில் எழுதினார்களாம். அதைக் கேட்டதும் அந்த முகமறியா மனிதர்களின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல இருந்தது எனக்கு.

பிறகு சண்டை வந்தது. படம் இல்லாமல் நினைப்பே கிடையாது என்றது ஒரு கூட்டம். உண்டு என்றது இன்னொன்று. யார் சொல்வது சரி என்று எப்படிப் பார்ப்பது? ஒருவர் தலைக்குள் இன்னொருவர் நுழைய முடியாதே.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் நடத்தைவாதிகள். உள்ளே இருப்பதை விடு, வெளியே தெரிவதை மட்டும் பார், அளந்து எழுது என்றார்கள். பல வருஷம் அவர்கள் ஆட்சிதான் நடந்தது. அதற்குப் பிறகுதான் நினைவு, கவனம், மனப்படம் எல்லாம் திரும்ப வகுப்பறைக்குள் வந்தன.

மேடம் பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டே போனார். நான் நடத்தைவாதிகளிடமே நின்றுவிட்டேன். எங்கள் எஸ்தர் அக்காவின் நினைவு வந்துவிட்டது.

அக்கா கேட்ட கேள்வி

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அம்மா டெல்லியில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில்தான் அக்காவும் நானும் வளர்ந்தோம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா நன்றாக வயதாகி, சில வருஷங்களுக்கு முன்னால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து இறந்தாள்.

உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். அக்கா உள்ளே இருந்தாள். மருந்து வாங்க, ரத்தத்துக்கு அலைய, சர்ச்சில் சொல்ல என்று வெளிவேலை முழுக்க நான் பார்த்தேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"ஏட்டி லில்லி, கண்ணை மூடினா அம்மா நிக்கா. அப்பிடியே நிக்கா. ஒனக்கு நிக்காளா?"

வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னேன்.

"இல்லக்கா."

"இல்லியா?"

"இல்ல. எனக்கு அப்பிடியெல்லாம் வரல."

அக்கா சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பெத்தவ முகம் ஒனக்கு நிக்கலியா? ஒன் நெஞ்சு கல்லாட்டி?"

அதற்குப் பிறகு எங்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சுத்தான் குறைந்துகொண்டே வந்தது. கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும், யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். வாட்ஸ்அப்பில் வேதவசனம் வரும், நான் கைகூப்பி அனுப்புவேன். அக்கா இருக்கும் துவாரகாவுக்கும் நான் இருக்கும் ஜனக்புரிக்கும் மெட்ரோவில் சில ஸ்டேஷன் தூரம்தான். வருஷங்கள் போய்விட்டன.

அம்மாவின் அடக்கத்தில் நான் அழாததைக் கணக்கில் வைத்து என் உள்ளே ஒன்றுமில்லை என்று அக்கா எழுதிக்கொண்டாள். அக்கா ஒரு நடத்தைவாதி. அதைவிட மோசம், நானே அவள் சொன்னதைப் பாதி நம்பியிருந்தேன்.

கனவில் மட்டும்

ஒன்றைச் சொல்ல வேண்டும். கனவில் எனக்கு எல்லாம் தெரியும்.

கோல் மார்க்கெட் வீட்டின் நீள நடை வரும். ஆரஞ்சுத் தோல் நிறத்தில் வெயில். சுவரில் ஈரம் ஊறி வரைந்த கண்டங்கள். நடையின் மறுகோடியிலிருந்து அம்மா வருவாள். நடப்பதுபோலவே இருக்காது, நடை தானே சுருங்கி அவளை என்னிடம் கொண்டுவருவதுபோல இருக்கும். கிட்டே வந்ததும் முகம் முழுசாகத் தெரியும். மச்சம், பல், சுருங்கின ஒரு கண். 'இதுதான், இதுதான்' என்று கனவுக்குள்ளேயே நினைத்துக்கொள்வேன்.

விழிப்பு வரும். பார்த்தேன் என்பது மட்டும் கையில் இருக்கும். பார்த்தது இருக்காது.

கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து பார்த்திருக்கிறேன், அசைந்தால் கலைந்துவிடுமோ என்று. இருட்டு மெதுவாகத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் என் கணவர் சாமுவேலின் மூச்சு கேட்கும்.

வகுப்பு முடிந்து வந்த அன்று அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு யோசித்துப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டார்.

"அப்ப நான் ஆபீஸ் டூர் போயிருந்த வருஷமெல்லாம், என் மொகம்?"

"தெரியாது."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் தெரியாது. வந்துருவீங்கன்னு தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று சாயங்காலம் பக்கத்திலேயே உட்கார்ந்து பட்டாணி உரித்துக் கொடுத்தார்.

பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள்

வகுப்புக்குத் திரும்புகிறேன். அன்று எல்லாரும் போனபின் நிதி மேடம் என்னை நிறுத்தினார். என் மகனைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கையுறை போட்ட இரண்டு கையாலும் டீக்கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயந்துவிட்டீர்களா?"

"தெரியவில்லை மேடம். இது வியாதியா?"

"இல்லை. இப்படிப் பலர் இருக்கிறார்கள். அஃபேன்டேசியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நினைவு இருக்கும், அன்பு இருக்கும், படம் மட்டும் வராது."

அன்பு இருக்கும் என்று அவர் போகிறபோக்கில் சொன்னார். நான் அதை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் மற்றவர்களுக்கு எப்படி என்று கேட்டுப் பார்க்கலாமா என்றேன். அச்சா, தாராளமாக என்றார். "உங்கள் ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது லில்லி ஜி. ஆனால் ஒரு கேள்வி தொடங்க ஒருவர் போதும். கேட்கும்போது ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். 'அழகாகத் தெரிகிறதா' என்று கேட்டால் அழகாகத் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். 'என்ன தெரிகிறது' என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மௌனம் வந்தால் அதை நிரப்பாதீர்கள்."

ஆய்வு முறைகள் என்ற பாடத்தில் பின்னால் இதையெல்லாம் படித்தேன். அன்று மேடம் நின்றபடியே சொன்னதுதான் என் மனதில் ஊன்றியது.

துவாரகா

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் ஒரு நொடி அசையாமல் நின்றாள்.

"என்னட்டி, சொல்லாம கொள்ளாம?"

"சும்மாதான் வந்தேன்."

"அத்தான் சர்ச் கமிட்டிக்குப் போயிருக்காவ. வா, உள்ள வா."

டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ செய்தி, ஒலி குறைவாக. அக்கா அதைப் பார்க்கவுமில்லை, அணைக்கவுமில்லை. அவள் வீட்டில் எப்போதும் டிவி ஓடும். படுக்கையறையிலும் ஒன்று. பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து, புத்தகமும் கையுமாகத் திரிந்தவள் வேலையை விட்டபின் இப்படி ஆகிவிட்டாளே என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு.

டீ குடித்தோம். மேலே ஒரு விமானம் தாழப் போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. என்னைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது கேள்விதான்.

"அக்கா, அம்மாவ நெனச்சுக் கண்ணை மூடினா ஒனக்கு என்ன தெரியுது?"

"எதுக்குக் கேக்க?"

"தெரிஞ்சிக்கிடத்தான் கேக்கேன். எது வந்தாலும் சொல்லு."

அக்கா பதில் சொல்லவில்லை. நான் நிரப்பவில்லை. செய்தி வாசிக்கிற பெண் ஏதோ சொல்லி முடித்தாள், விளம்பரம் வந்தது, போனது.

"குழாய்" என்றாள் அக்கா.

டீக்கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மூக்குல போட்டிருந்தாவல்லா, அந்தக் குழாய். பிளாஸ்டர் ஒட்டுனதுல ஒதடு ஒருபக்கமா இழுத்துக்கிட்டு இருக்கும். கண்ணு பாதி தொறந்திருக்கும். அதான் வருது. வேற ஒண்ணும் வரமாட்டேங்கு. போட்டோவப் பாத்துட்டுக் கண்ணை மூடினாக்கூட அதுக்கு மேல வந்து இது நிக்குது. எத்தன வருஷம் ஆச்சு, பாத்துக்கோ. கண்ணை மூடவே பயமா இருக்குட்டி. அதான் இதப் போட்டு வச்சிருக்கேன்." டிவியைக் கைகாட்டினாள்.

"அன்னைக்கு, அம்மா நிக்கான்னு சொன்னியே..."

"இதத்தாம்ட்டி சொன்னேன். வேற எதச் சொன்னேன்? ஒனக்கும் நின்னா, ரெண்டு பேருமா கட்டிப்பிடிச்சு அழுவலாம்னு பாத்தேன். நீ இல்லன்னுட்ட. எனக்கு மட்டும் எதுக்கு இப்பிடின்னு ஒம் மேல கோவம் கோவமா வந்திச்சு. பொறாமன்னுகூட வச்சுக்கோ."

இத்தனை வருஷம் அக்காவிடம் அம்மாவின் முகம் பத்திரமாக இருக்கிறது, என்னிடம்தான் இல்லை என்று நினைத்து ஏங்கியிருந்தேன். அவளிடம் இருந்தது இதுதானா? எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டபோது இவ்வளவு மெலிந்திருக்கிறாளே என்று கைக்குத் தெரிந்தது.

பிறகு என் கதையைச் சொன்னேன். அரோரா ஜியின் பராத்தா, என் இருட்டு, மேடம் சொன்ன பெயர், எல்லாம். அக்கா முதலில் நம்பவில்லை. "எம் மொகம்கூடவா?" என்றாள். "ஒம் மொகம்கூடத்தான்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

இந்தக் கதையால் அக்கா குணமாகிவிட்டாள் என்று எழுத மாட்டேன். முதலாம் ஆண்டு மாணவி நான், மருத்துவரில்லை. மேடத்திடம் கேட்டு, பிறகு ஒரு நல்ல டாக்டரிடம் அக்காவை அழைத்துப் போனேன். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறாள். அந்தக் குழாய் இன்னும் வருகிறது, முன்னளவுக்கு இல்லை. சனிக்கிழமைகளில் இப்போது நான் துவாரகாவில்தான் இருக்கிறேன். ஆனால் நான் சொல்ல வேண்டியிருப்பது அந்த முதல் சனிக்கிழமையின் மிச்சம்தான்.

சத்தம்

"அப்ப அம்மாவ நெனச்சா ஒனக்கு என்னதாம்ட்டி இருக்கு?" என்று கேட்டாள் அக்கா. இந்தத் தடவை அதில் குத்தல் இல்லை.

யோசித்தேன். யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"சத்தம் இருக்கு."

"என்ன சத்தம்?"

"டூட்டி முடிச்சுக் காலைல வருவால்லா. குனியாமலே ஷூவக் கழத்துவா, ஒண்ணு டொப்புன்னு விழும், ரெண்டாவது விழக் கொஞ்ச நேரம் ஆவும். அதுவரைக்கும் நான் போர்வைக்குள்ள காத்துக்கிட்டு இருப்பேன். அப்புறம் அடுப்புல பால வச்சிட்டு அதோட பேசுவா."

"பாலோடயா?"

"ஒனக்கு ஞாபகம் இல்லியா?"

"இல்லியே. என்ன பேசுவா?"

எனக்கு அம்மாவின் குரல் அப்படியே கேட்கும். பாதித் தூக்கத்தில் இருக்கிற குரல். அடியில் கொஞ்சம் கரகரப்பு. வார்டில் நோயாளிகளைத் தாஜா செய்து செய்து பழகியதில், பாலையும் அவள் தாஜாதான் செய்வாள். அதை இதுவரை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. வெட்கமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தொண்டையைத் தாழ்த்திச் சொன்னேன்:

"பொங்கிராதம்மா, பொங்கிராத. ஒரு நிமிசம் பொறு, என் ராசால்லா. இந்தா வந்துட்டேன், வந்துட்டேன். பொங்கிராத."

திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள். மூடினோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"பச்ச நைட்டி" என்றாள்.

நான் மெல்ல அவள் பக்கம் நகர்ந்தேன்.

"தோள்ல துண்டு கெடக்கு. முடி அவுந்து கெடக்கு. சன்னல் வழியா வெயிலு தோள்ல விழுது. கையில கரண்டி வச்சிருக்கா."

முகம் தெரிகிறதா என்று கேட்கத் துடித்தது. கேட்கவில்லை.

"முதுகுதான் தெரியுது" என்றாள் அவளாகவே. "திரும்ப மாட்டேங்கா. பால்லயே கண்ணா இருக்கா."

இன்னொரு விமானம் போயிற்று. கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அக்காவின் மூடிய இமைகளுக்குள் கருவிழி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது, யாரையோ பின்தொடர்வதுபோல.

"நிறுத்திராத லில்லி. இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.